நூஹ்ராக்காரரின் கல்லு

உந்தப் புத்தகத்தை ஒருக்கா இஞ்சால திருப்பும் தம்பி. ஓம், உந்தப் படம்தான். தாடி வைச்ச மனுச முகம், மாட்டு உடம்பு, ரெண்டு பக்கமும் செட்டை. அசிரிய ராசாக்களின்ர அரண்மனை வாசலில நிண்ட சிலை எண்டு கீழ எழுதியிருக்கும். எனக்கு வாசிக்காமலே தெரியும். உந்த ராசாக்களின்ர பேரப்பிள்ளையள் இஞ்ச சுவீடனில எங்கட ஊரிலதான் இருக்கினம். அரைவாசிப் பேர் பீட்சாக் கடை வைச்சிருக்கினம்.

சிரியாதையும், உண்மையாத்தான் சொல்லுறன். நீர் மதுரையிலயிருந்து வந்து ஸ்டொக்ஹோமில சரித்திரம் படிக்கிறீர், நல்லது. ஆனா உந்தப் புத்தகத்தில ராசா செத்ததோட கதை முடிஞ்சிருக்கும். அதுக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல என்னைப்போல ஒருத்தர் வேணும். றெயினும் நிண்டுபோச்சு. தண்டவாளத்தில ஏதோ பிழையாம், கொஞ்ச நேரம் செல்லும் எண்டு இப்ப ஒலிபெருக்கியில சொன்னவை. எங்கட தமிழ் உமக்கு விளங்குதுதானே? விளங்காட்டில் கேளும்.

என்ர பேர் குலவீரசிங்கம். இஞ்ச சுவீடன்காரர் 'குல்' எண்டு கூப்பிடுவினம். அவையின்ர பாசையில அதுக்குப் பகிடி, கலகலப்பு எண்டு அர்த்தம். நகரசபை மண்டபத்துக்கு நான்தான் பொறுப்பாளர். கலியாணம், செத்தவீட்டுச் சாப்பாடு, கட்சிக் கூட்டம், எதெண்டாலும் என்னைக் கேட்காமல் அங்க ஒரு கதிரை நகராது. அதோட எங்கட ஊர்த் தமிழர் கலை கலாசார ஒன்றியத்துக்கும் நான்தான் தலைவர். கவனியும், கலை கலாசார ஒன்றியம். கலாசார கலை ஒன்றியம் எண்டு இன்னொண்டு இருக்கு, அது என்ர மச்சானின்ர. மனுசியின்ர தமையன். அதைப்பற்றி இப்ப வேண்டாம், வாயில கெட்ட சொல்லு வரும்.

அசிரியருக்கு வருவம்.

முதல்முதல் நான் அவையைப்பற்றி வீட்டில சொன்ன நேரம், இவ்வளவு வாத்திமாரும் ஏன் ஒரே ஊருக்கு வந்தவை எண்டு மனுசி கேட்டவ. ஆசிரியர் எண்டு விளங்கிப்போட்டா. பிறகு நான் விளக்கமாச் சொன்னன். துருக்கி, சிரியா, ஈராக் மூண்டும் முட்டுற மூலையில இருந்த சனம். வேதக்காரர். யேசுநாதர் வீட்டில கதைச்ச பாசை எங்கட பாசைதான் எண்டு பெருமையாச் சொல்லுவினம். பிள்ளையளுக்கு ஏசுறதும் அதே பாசையிலதான். நூறு வருசத்துக்கு முன்னம் அவையை ஊர் ஊரா வெட்டிச் சாய்ச்சவங்கள். அந்த வருசத்துக்கு அவை வைச்ச பேர் 'வாள்'. வேற ஒரு சொல்லும் சேர்க்கிறேல்லை, வெறும் வாள். மிஞ்சின ஆக்களுக்கு நாடு இல்லை. இருந்த நாட்டிலயும், அப்பிடியொரு சனமே இல்லை, நீங்களும் அரபுக்காரர்தான், சேர்ச் மட்டும் வேற எண்டு சொல்லிப்போட்டினம்.

அந்த மூலையில ஒரு சின்னப் பட்டணத்தில நாலு பேர் சேர்ந்து ஒரு இயக்கம் தொடங்கினவை. பேர் நூஹ்ரா. அவையின்ர பாசையில வெளிச்சம் எண்டு அர்த்தம். தொடங்கின இடம் ஒரு தையல்கடையின்ர பின் அறை, அதில யன்னலே இல்லையாம். ஒருத்தர் அஃப்ரம், நகைக்கடையில தங்கம் உருக்கின பெடியன். மற்றவர் ஷாபோ, எஞ்சினியருக்குப் படிக்கப் போய், காசில்லாமல் பாதியில திரும்பி வந்தவர். மூண்டாவது மல்கே. அவர் உண்மையிலயே பள்ளிக்கூட வாத்தியார், என்ர மனுசி விளங்கினது அவரளவில சரி. நாலாவது நஹ்ரின், மல்கேயின்ர மனுசி. தையல்கடையே அவவின்ரதான். இயக்கத்தின்ர வரலாற்றைப் பிறகு பிரிஞ்ச ரெண்டு பகுதியும் தனித்தனியாப் புத்தகமாப் போட்டிருக்கினம். ரெண்டிலயும் நஹ்ரினுக்கு ஒரே வரிதான்: கூட்டங்களுக்குத் தேநீர் வழங்கினார்.

என்ன செய்தவை எண்டு கேட்பீர். பெரிசா ஒண்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமையில பூசை முடிய, பிள்ளையளுக்குத் தங்கட எழுத்தைக் கரும்பலகையில எழுதிக் காட்டினவை. ஒரு தாளில பத்திரிகை அடிச்சு, பாண் ரொட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சு வீடு வீடாக் குடுத்தவை. ஏப்ரல் முதலாந் திகதி அவையின்ர வருசப்பிறப்பு. சாப்பாடு கட்டிக்கொண்டு வயலுக்குச் சும்மா போறமாதிரிப் போய், அங்க கொடி விரிச்சுப் பாடிப்போட்டு, கொடியைச் சாப்பாட்டுத் துணியா மடிச்சுக்கொண்டு வந்தவை. பிறந்த பிள்ளையளுக்கெல்லாம் உந்தப் புத்தகத்தில இருக்கிற ராசாக்களின்ர பேர். ஒரு சர்கோன் எங்கட ஊரில பஸ் ஓடுறான். பிரேக் அடிச்சான் எண்டால் சனம் எல்லாம் முன்னுக்குப் போய் விழும். அதில மட்டும் ராசாதான்.

இவ்வளவுக்கும் மல்கேயைப் பொலிஸ்காரங்கள் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். வகுப்பில பாடம் நடக்கேக்க வந்து கூட்டிக்கொண்டு போனவங்கள். நஹ்ரினை ஒரேயொரு தரம் பார்க்க விட்டவங்கள். பிறகு ஆள் எங்க எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை. மற்ற மூண்டு பேரும் ஒருமாதிரி எல்லை தாண்டி, அலைஞ்சு, கடைசியில சுவீடனுக்கு வந்து சேர்ந்தவை.

இஞ்ச வந்தாப் பிறகு இயக்கம் நல்லா வளர்ந்தது. வளர்ந்தாப் பிறகு பிரிஞ்சது. பேர்தான் பிரச்சினை. நாங்கள் உந்த ராசாக்களின்ர வாரிசு, ஆனபடியால் அசிரியர் எண்டுதான் சொல்லவேணும் எண்டு அஃப்ரம். ராசாவை ஆர் கண்டது, எங்கட தாய் தேப்பன் தங்களைச் சுரியானி எண்டுதான் சொன்னவை, சேர்ச்சிலயும் அதுதான், அதை மாத்த நீ ஆர் எண்டு ஷாபோ. அவ்வளவுதான், ரெண்டாப் போச்சு. ரெண்டு கொடி, ரெண்டு பத்திரிகை, ரெண்டு வானொலி. கலியாணத்துக்கு அழைப்பு வந்தால், அட்டையில எந்தப் பேர் அடிச்சிருக்கு எண்டு பார்த்துப்போட்டுத்தான் போறது.

ஒரு பேருக்காகச் சனம் இப்பிடிப் பிரியும் எண்டு நான் என்ர சீவியத்தில அங்கதான் கண்டனான்.

இதில மோசம் என்னெண்டால், செத்த மனுசனையும் ரெண்டு பகுதியும் விடேல்லை. பொலிஸ்காரன் மல்கேயைப் பார்த்து நீ ஆர் எண்டு கேட்டவனாம். அரபுக்காரன் எண்டு சொன்னால் விட்டிருப்பானாம். மல்கே நெஞ்சை நிமித்தி 'நான் அசிரியன்' எண்டு சொன்னவர், அதுதான் அவரின்ர கடைசிச் சொல்லு எண்டு அஃப்ரம் எல்லா மேடையிலயும் பேசுவார், பேசேக்க அழுவார். அதே கதையை ஷாபோவும் தன்ர மேடையில சொல்லுவார், அவரும் அழுவார். அங்க மட்டும் மல்கே 'நான் சுரியானி' எண்டு சொல்லியிருப்பார்.

ரெண்டு மேடையையும் கூட்டித் துடைக்கிறது நான்தானே. எனக்கு ரெண்டு பேச்சும் மனப்பாடம்.

இனித்தான் கல்லுக் கதை. இயக்கம் தொடங்கி அரை நூற்றாண்டு வருகுது எண்டு, எங்கட நகரசபை ஒரு நினைவுக்கல்லு வைக்கிறதுக்கு ஏரிக்கரைப் பூங்காவில இடம் தந்தது. வாளில செத்த சனத்துக்கும், மல்கேக்கும். மல்கேயின்ர பேர் வரவேணும் எண்டதில மட்டும் ரெண்டு பகுதிக்கும் ஒரே கருத்து. நகரசபையில கலாசாரப் பகுதிக்குப் பொறுப்பு பிரிகித்தா எண்டொரு மனுசி, நல்ல மனுசி. அவ சொன்னது ஒண்டுதான். கல்லு ஒண்டு, வசனம் ஒண்டு. எந்தச் சனத்தின்ர நினைவுக்கு எண்டு ரெண்டு பகுதியும் சேர்ந்து முடிவெடுத்துச் சொல்லவேணும். கோடை முடியிறதுக்குள்ள சொல்லாட்டில், அந்த இடத்தில சைக்கிள் நிப்பாட்டக் கொட்டில் போட்டிடுவினம்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஆர்? அசிரியர் எண்டால் மற்றவை வராயினம், சுரியானி எண்டால் இவை வராயினம். சுவீடன்காரர் எண்டால் ரெண்டு பகுதியும் வந்து மரியாதையாச் சிரிச்சுப்போட்டு ஒண்டுமே சொல்லாமல் போயிடுவினம். பிரிகித்தா யோசிச்சுப்போட்டு என்னைக் கேட்டவ. குல், உமக்கு ரெண்டு பகுதியையும் தெரியும், ஒரு பகுதியும் இல்லை, அனுபவமும் இருக்கு எண்டு. ஒரு ஒன்றியத்தையே கட்டிக் காக்கிறவனுக்கு இதென்ன வேலை எண்டு நானும் ஓம் எண்டன்.

கிழமைக்கு ஒருக்கா பின்னேரம் சின்ன அறையில கூட்டம். ஆர் தலைமாட்டில இருக்கிறது எண்டு பிரச்சினை வரும் எண்டு தெரிஞ்சு வட்டமேசை போட்டன். அப்பவும் வாசலைப் பார்த்த கதிரை ஒண்டுதானே. அதைப் பிடிக்கிறதுக்கு அஃப்ரம் வேளைக்கு வந்தார். அடுத்த கிழமை ஷாபோ அதுக்கு முன்னம் வந்தார். கடைசியில ரெண்டு கிழவரும் நான் நிலம் துடைக்கேக்கயே வந்து, ஈரத்துக்கு வெளியில சப்பாத்தோட காத்துக்கொண்டு நிண்டவை.

கூட்டம் எப்பிடி நடந்தது எண்டால், அஃப்ரம் என்னைப் பார்த்துச் சொல்லுவார்: இவர் சொல்லுறது வரலாறு இல்லை, சேர்ச்சில கேட்ட கதை எண்டு ஷாபோவுக்குச் சொல்லும். ஷாபோ அடுத்த கதிரையில இருப்பார். நான் திரும்பி, சுவீடிஷில கேட்டதைச் சுவீடிஷிலயே அவருக்குச் சொல்லுவன். அவர் அதுக்குப் பதிலை என்னட்டச் சொல்லுவார், நான் இஞ்சால திரும்புவன். ரெண்டு பேரும் ஒரே தெருவில பிறந்து வளர்ந்தவை. தாய்ப் பாசை ஒண்டு. ஆனா அந்தப் பாசையில ஒரு சொல்லு தங்களுக்குள்ள கதைச்சுக் கன வருசம்.

எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு. வளர்ந்த மனுசர் முகம் பார்த்துக் கதைக்காமல் இன்னொருத்தரை இடையில வைச்சுக் கதைக்கிறது. நானும் மச்சானும் கதைக்கிறதெண்டால் மனுசிக்கூடாகத்தான், ஓம். ஆனா அது வேற. அதில ஒரு மரியாதை இருக்கு.

நஹ்ரினும் ஒவ்வொரு கிழமையும் வருவா. எண்பதுக்குக் கிட்ட வயசு. யன்னலடியில இருந்து சூரியகாந்தி விதை உடைச்சு, கோதுகளைக் கைலேஞ்சித் துணிக்குள்ள போட்டுக்கொண்டு இருப்பா. ஒரு சொல்லும் கதைக்க மாட்டா. ஒரு நாள் நான் கேட்டன், அம்மா, உங்களுக்கு உந்தச் சண்டை அலுக்கேல்லையோ, ஏன் மினக்கெட்டு வாறியள் எண்டு. அவ யன்னலுக்கு வெளியாலதான் பார்த்துக்கொண்டிருந்தவ.

"அவருக்கு ஒரு இடத்திலயும் குழி இல்லை" எண்டா. "கல்லு வந்தால் பூ வைக்கிறதுக்கு ஒரு இடம் கிடைக்கும். வருமோ எண்டு பார்க்கத்தான் வாறன்."

அண்டைக்கு வீட்ட போயும் நான் கலண்டரைத்தான் பார்த்தன். கோடை முடியப் போகுது. இவை இன்னும் மூவாயிரம் வருசத்துக்கு முன்னம் எந்த ராசா என்ன சொன்னவன் எண்டதிலதான் நிக்கினம். சைக்கிள் கொட்டிலுக்கு அளவெடுக்க ஆக்கள் வந்து போட்டினம், நானே கண்டனான். இந்த மனுசிக்கு ஒரு கல்லு கிடைக்கவேணும் எண்டால் நான்தான் ஏதாவது செய்யவேணும் எண்டு யோசிச்சன். யோசிக்க யோசிக்க, வழி வலு லேசாத் தெரிஞ்சுது.

பேர்தானே சண்டை? அப்ப அசிரியர், சுரியானி எண்ட ரெண்டு பேரையும் தூக்கிப்போட்டால் சண்டை முடிஞ்சுது. நான் பிரிகித்தாட்டப் போய்ச் சொன்னன், "மத்திய கிழக்கிலயிருந்து வந்த கிறிஸ்தவச் சிறுபான்மையினர் நினைவாக" எண்டு வெட்டுவம். ஆருக்கும் நோகாது. பிரிகித்தாக்குச் சரியான சந்தோசம். இவ்வளவு நாளும் இது எனக்குத் தோன்றேல்லையே எண்டு என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கிப்போட்டு, அண்டைக்கே வசனத்தைக் கல்லு வெட்டுறவருக்கு அனுப்பிப்போட்டா.

அடுத்த கூட்டத்துக்கு மனுசியைக் கொண்டு பட்டர் கேக் அடிப்பிச்சுக் கொண்டு போனன். எல்லாரும் இருந்தாப் பிறகு எழும்பி நிண்டு விசயத்தைச் சொன்னன். முடிவாகிட்டுது, இனிக் கூட்டம் தேவையில்லை, கேக் வெட்டுவம் எண்டன்.

ஒருத்தரும் கை தட்டேல்லை.

அஃப்ரம் மெல்லத் திரும்பி ஷாபோவைப் பார்த்தார். என்னை இல்லை, ஷாபோவை. பார்த்து ஏதோ கேட்டார், தங்கட பாசையில. ஷாபோ அதே பாசையில பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. நஹ்ரின் விதை உடைக்கிறதை நிப்பாட்டிப்போட்டா.

பிறகு ரெண்டு பேரும் ஒண்டா என்ர பக்கம் திரும்பிச்சினம்.

"கிழக்கு எண்டது ஒரு திசை" எண்டு ஷாபோ சுவீடிஷில சொன்னார். "நாங்கள் திசையோ?"

ஆருக்கு அது மத்தி, ஆருக்கு அது கிழக்கு, எங்கட வீட்டில நிண்டு பார்த்தால் அது கிழக்கே இல்லையே எண்டு அஃப்ரம். இதைத்தானே அந்தப் பொலிஸ்காரனும் செய்தவன், அவன் துவக்கை வைச்சுக்கொண்டு செய்தான், நீர் கேக்கை வைச்சுக்கொண்டு செய்யிறீர் எண்டு ஷாபோ. ஒருத்தர் விட்ட இடத்திலயிருந்து மற்றவர் பிடிக்கிறார். இவ்வளவு காலம் எனக்கூடாகக் கதைச்ச வாய்கள் எனக்கு எதிரா ஒரே வாயாப் போச்சு.

நான் பொறுமையாச் சொன்னன். பேரில என்ன கிடக்கு ஐயாமார், கல்லு நிக்கிறதெல்லோ முக்கியம் எண்டு.

அப்பதான் நஹ்ரின் வாயைத் திறந்தவ. உம்மை ஆராவது சிறீலங்கன் எண்டு சொன்னால் என்ன செய்வீர் எண்டு என்னட்டக் கேட்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. அம்மா, நான் தமிழன், போன மாசம்கூட வங்கியில ஒரு பெட்டை அப்பிடிச் சொல்ல, மேலாளரைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்திப்போட்டுத்தான் வந்தனான் எண்டன். அவ தலையாட்டினா. நல்லது எண்டா. ஏன் கேட்டவ எண்டு எனக்கு இண்டைக்கும் வடிவா விளங்கேல்லை. அது வேற விசயம் தானே?

பிறகு அவ மல்கேயைப்பற்றிச் சொல்லத் தொடங்கினா. எனக்கும் விளங்கவேணும் எண்டு சுவீடிஷிலயே சொன்னவ.

"இவ்வளவு வருசமா ரெண்டு பேரும் மேடையில சொல்லுறியள், அவர் அப்பிடிச் சொன்னவர், இப்பிடிச் சொன்னவர் எண்டு. அவரைக் கடைசியாக் கண்டது நான். என்னட்ட ஒருத்தரும் கேட்கேல்லை."

உண்மைதானே. வரலாறு எழுதினவையும் கேட்கேல்லை. அவவிட்ட வாங்கிக் குடிச்சது தேத்தண்ணி மட்டும்தான்.

அவவுக்குச் சந்திக்க விட்ட அந்த ஒரு நாளில, கம்பிக்கு அங்கால நிண்டு மல்கே சிரிச்சவராம். பொலிஸ்காரன் நீ ஆர் எண்டு கேட்க, ரெண்டு பேரையும் சேர்த்துச் சொன்னவராம், அசிரியன், சுரியானி எண்டு. ஒண்டைச் சொல்லு எண்டு அவன் வெருட்டியிருக்கிறான். அம்மா ஒரு பேராலை கூப்பிட்டவ, எனக்குப் படிப்பிச்சவர் மற்றப் பேராலை கூப்பிட்டவர், நான் ரெண்டுக்கும் ஓம் எண்டு சொல்லுற ஆள் எண்டவராம். அதை நஹ்ரினுக்குச் சொல்லிச் சிரிச்சுப்போட்டு, நேரம் முடியப் போகுது எண்ட உடன அவசர அவசரமா, வீட்டு அடுப்புப் புகைக்குழாயில ஒழுக்கு இருக்கு, பனி விழ முன்னம் ஆரையாவது பிடிச்சுத் திருத்து எண்டு சொன்னவராம். பிறகு கூட்டிக்கொண்டு போட்டாங்களாம்.

"அவரின்ர கடைசிச் சொல்லு வேணும் எண்டால், குழாய்" எண்டா நஹ்ரின். "அதை வேணுமெண்டால் கல்லில வெட்டுங்கோ."

எனக்கு அந்தக் கேக்கை எங்கயாவது ஒளிச்சு வைக்கவேணும் போல இருந்துது. அப்ப ஷாபோ மெல்லச் சொன்னார், அந்தக் குழாயை நான்தானே திருத்தித் தந்தனான் எண்டு.

"நீ ஏணியைப் பிடிச்சனி" எண்டார் அஃப்ரம். "ஏறித் திருத்தினது நான்."

ஏறினது நீயோ, உனக்கு உயரம் எண்டால் தலை சுத்தும், தையல்கடைக் கதிரையில ஏறி நிக்கவே பயந்தனி எண்டு ஷாபோ. அதுக்குப் பிறகு சுவீடிஷ் இல்லை. ரெண்டு பேரும் தங்கட பாசையில ஏணிக்காகச் சண்டை பிடிக்கத் தொடங்கிச்சினம். கையை இப்பிடி வைச்சனான், நீ அப்பிடி நிண்டனி எண்டு எழும்பி நடிச்சுக் காட்டிச்சினம். அஃப்ரம் இல்லாத ஏணியில ஏறினார், ஷாபோ இல்லாத ஏணியைப் பிடிச்சார். நஹ்ரினிட்ட ஆர் ஏறினது எண்டு நான் சுவீடிஷில கேட்க, ரெண்டு பேருமே சரியாத் திருத்தேல்லை, அந்தப் பனிக்காலம் முழுக்கப் புகை வீட்டுக்குள்ளதான் வந்தது எண்டு சொல்லிப்போட்டா. சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியாத முகத்தோட ரெண்டு கிழவரும் இருந்து என்ர கேக்கைத் திண்டு முடிச்சினம். எனக்கு ஒரு துண்டும் மிச்சமில்லை.

அடுத்த நாள் காலமை அஃப்ரமும் ஷாபோவும் ஒரே காரில நகரசபைக்குப் போச்சினம். இயக்கம் பிரிஞ்சாப் பிறகு ரெண்டு பேரும் ஒண்டா ஒரு வாசல்படி ஏறினது அதுதான் முதல்தரம். கல்லில ஒரு முகத்தில அசிரியர் எண்டு வெட்டவேணும், மறு முகத்தில சுரியானி எண்டு வெட்டவேணும், திசையின்ர பேர் ஒரு இடத்திலயும் வரப்படாது எண்டு கேட்டவை. பிரிகித்தா பயந்துபோனா. ரெண்டு பகுதியும் ஒண்டா வந்தால் என்ன செய்யிறது எண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. ஓம் எண்டு சொல்லிப்போட்டா.

இன்னொண்டும் கேட்டவையாம். இனிமேல் கூட்டத்துக்குக் குல் தேவையில்லை எண்டு. பிரிகித்தா எனக்கு அதைச் சொல்லேக்க முகம் சிவந்துபோச்சு, பாவம். நான் சொன்னன், இதுக்கு ஏன் வெட்கப்படுறியள், எங்களுக்குத் தலைவர் தேவையில்லை, நாங்களே கதைப்பம் எண்டு சனம் சொல்லுதெண்டால் அது அந்தத் தலைவரின்ர வெற்றியெல்லோ எண்டு. யோசிச்சுப் பாரும் தம்பி. அந்த மத்திய கிழக்கு வசனத்தை நான் போடாட்டில் அவை சேர்ந்திருப்பினமோ? எனக்கு இப்ப படுறது என்னெண்டால், உள்மனசில நான் வேணுமெண்டேதான் அதைச் செய்திருக்கிறன்.

கல்லு வந்தாலும் சண்டை ஓயேல்லை, ஓயும் எண்டு நீர் நினைச்சால் உமக்கு அவையைத் தெரியாது. ரெண்டு முகம் எண்டால் எது முன், எது பின்? நடைபாதையில வாறவன் முதல் எதைக் காணுறது? அதுக்கு ஒரு மாசம். கடைசியில கல்லைக் குறுக்கால திருப்பி வைச்சினம், ஒடுக்கமான விளிம்பு பாதையைப் பார்க்கிறமாதிரி. அந்த விளிம்பிலதான் மல்கேயின்ர பேர். அவையின்ர எழுத்தில, மேலயிருந்து கீழ ஒரே வரியா. பாதையால வாற ஆர் எண்டாலும் முதல் காணுறது அதைத்தான்.

ஏப்ரல் முதலாந் திகதி திறந்தவை. ஏரிக்காத்து, பல்லுக் கிட்டுது. முதல் அஃப்ரம் பேசினார், பிறகு ஷாபோ. தலைவருக்கு நன்றி எண்டு ஒரு சொல்லு வரும் எண்டு நானும் கோட்டுப் போட்டு டை கட்டிக்கொண்டு முன்வரிசையில நிண்டனான். ரெண்டு பேருமே மறந்துபோச்சினம், வயசு போன மனுசர்தானே. ஆனா ரெண்டு பேரும் மல்கேயின்ர கடைசிச் சொல்லைப்பற்றி ஒண்டும் பேசேல்லை. அழவும் இல்லை. பேச்சு கெதியா முடிஞ்சுபோச்சு.

பேச்சு முடிய, சனம் பிரிஞ்சு நிண்டுது. அசிரியர் அசிரியப் பக்கம், சுரியானி சுரியானிப் பக்கம். எனக்குச் சீ எண்டு போச்சு, இவ்வளவு பாடுபட்டும் இதுதானோ எண்டு. தேத்தண்ணிக் கெட்டில் ஒரு பக்கத்திலதான் இருந்தது, அஃப்ரமின்ர பக்கம். கொஞ்ச நேரம் மற்றப் பக்கம் குளிரில சும்மா நிண்டுது. பிறகு அஃப்ரம் ஒரு கோப்பையை நிரப்பி, கல்லுக்கு மேலால நீட்டினார். கல்லு நெஞ்சளவு உயரம்தான். ஷாபோ வாங்கி, பின்னால நிண்டவருக்குக் குடுத்துப்போட்டுத் திருப்பிக் கையை நீட்டினார். அப்பிடியே கோப்பை கோப்பையாக் கல்லுக்கு மேலால போகுது. பலகாரத் தட்டு அங்காலயிருந்து இஞ்சால வருகுது. ஒருத்தரும் பக்கம் மாறேல்லை. ஆனா எல்லாரும் குடிச்சவை.

நஹ்ரின் ரெண்டு பக்கத்திலயும் நிக்கேல்லை. விளிம்படியில நிண்டு, கொண்டு வந்த பூவைக் கீழ வைச்சுப்போட்டு, கையுறையைக் கழட்டி அந்த எழுத்தை மேலயிருந்து கீழ வரைக்கும் விரலாலை தடவினா. நான் எந்தப் பக்கம் நிக்கிறது எண்டு தெரியாமல் அவவடிக்குப் போனன். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது எண்டு அவவாவே வாசிச்சுக் காட்டினா. மல்கே, ஆசிரியர் எண்டு வெட்டியிருக்காம். வேற ஒண்டும் இல்லையாம்.

பிறகு என்னட்டக் கேட்டா, உங்கட சனத்திலயும் இப்பிடித் திரும்பி வராத ஆக்கள் கனக்க எல்லோ, உங்களுக்குக் கல்லு இருக்கோ எண்டு.

நான் உள்ளதைச் சொன்னன். என்ர தம்பியே அப்பிடித்தான் அம்மா, குழி இல்லை. நகரசபை எங்களுக்கும் இதே பூங்காவில இடம் தாறம் எண்டு முந்தியே சொன்னது, கனகாலமாச் சும்மா கிடக்கு. கலை கலாசார ஒன்றியம் எண்டு வெட்டுறதோ கலாசார கலை ஒன்றியம் எண்டு வெட்டுறதோ எண்டு முடிவாகேல்லை. நான் விட்டுக்குடுக்கத் தயார், மற்றப் பகுதிதான் விடுகினமில்லை எண்டன்.

அவ சிரிப்பா எண்டு நினைச்சன். சிரிக்கேல்லை. கல்லுக்கு மேலால போன ஒரு கோப்பையை இடையில மறிச்சு வாங்கி என்ர கையில தந்தா. தந்துபோட்டு, விளிம்படியில கொஞ்சம் அங்கால தள்ளி நிண்டு, எனக்கும் நிக்க இடம் விட்டா.